ஒத்திவைக்கப்பட்ட கூட்டம்

குகட்பள்ளி, ஹைதராபாத்
16 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி யூனிஸ் எழுதுவது. இங்கே நானும் ஜோசியாவும் சுகம். குன்னூர்க் குளிரில் நீங்களும் ஆனி மைனியும் எப்படி இருக்கிறீர்கள்? போன் செய்தால் "என்னது, என்னது" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறீர்கள். காது மிஷினைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டதாக மைனி சொன்னார்கள். ஆகவே பழையபடி தபால்தான்.

விஷயம் இதுதான். நம் சோஷலிஸ்ட் இளைஞர் முன்னணியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடப் போகிறோம். ஊரில் மிச்சமிருக்கும் ஆறு பேர் கூடிப் பேசினோம். எழுதுகிற வேலையை வழக்கம்போல என் தலையில் கட்டிவிட்டார்கள். பேகம்பேட் மாடி அறையில் படிப்பு வட்டமாக ஆரம்பித்தது, ராமச்சந்திராபுரம் தொழிற்சாலை வாசலில் அப்ரெண்டிஸ் பையன்களுக்காக உண்ணாவிரதம் இருந்தது, எமர்ஜென்சியில் நீங்களும் புருஷோத்தமனும் ஒரே ஜெயில் அறையில் ஒரு போர்வையை மாற்றி மாற்றிப் போர்த்திக்கொண்டது, கடைசியில் பெரிய கட்சி நம்மை அப்படியே விழுங்கியது, எல்லாம் வர வேண்டும்.

முதல் அத்தியாயம் உங்களுடையது. ஆரம்பித்தவர் நீங்கள். ஜோசியாவிடம் சொன்னபோது, "ஹூ வில் ரீட் இட், மம்மி?" என்றான். மாமா படிப்பார் என்றேன். நான் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

மைனியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
யூனிஸ்


குன்னூர்
4 பிப்ரவரி 2024

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் வந்தது. இங்கே குளிர் குறையவில்லை. இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

நான் எழுத மாட்டேன். 1978 ஜூனில் என்னை முன்னணியிலிருந்து நீக்கினார்கள். நீக்கப்பட்டவன் அந்த அமைப்பின் வரலாற்றை எழுதுவது முறையல்ல. முதலில் நீக்கத்தை ரத்து செய்யட்டும். கூட்டம் கூட்டி, தீர்மானம் வைத்து, கை தூக்கி ரத்து செய்யட்டும்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் புத்தகத்துக்காக எழுதுகிறேன். உறுப்பினர்களின் திருமணம் கோயிலிலோ சர்ச்சிலோ மசூதியிலோ நடக்கக் கூடாது. இரண்டு மாலை, ஓர் உறுதிமொழி, டீ, பிஸ்கட், அவ்வளவுதான் என்று ஒரு விதி இருந்தது. அதைக் கொண்டுவந்தவனே நான். அப்போது எனக்கு இருபத்தொரு வயது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஏழு வருஷம் கழித்து ஆனியை சர்ச்சில் வைத்துக் கல்யாணம் செய்தேன். அவள் நம்புகிறவள். உன் நம்பிக்கையை வாசலில் கழற்றிவிட்டு வா என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? இதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். "வருத்தம் தெரிவிச்சுடு, விட்டுடறோம்" என்றான் புருஷோத்தமன். வருத்தம் இல்லை என்றேன். நீயும் அலமுவும் தவிர எல்லாக் கையும் எனக்கு எதிராக உயர்ந்தது. முதலில் உயர்ந்தது என் போர்வையில் பாதியைப் போர்த்தியவனின் கை.

ரத்து செய்வதைச் சீக்கிரம் செய்ய முடிந்தால் நல்லது.

அன்புடன்,
தனசிங்


குகட்பள்ளி
22 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. நாற்பத்தாறு வருஷம் கழித்து இப்போது என்ன அவசரம்? ஆனாலும் உங்கள் பிடிவாதம் எனக்குத் தெரியாததா? புருஷோத்தமனைப் போனில் கூப்பிட்டேன். அன்று செயலாளர் அவர்தான் என்பதால், இன்றைக்கும் விதிக்கு அதாரிட்டி அவரே.

"அது நக்கோ, வேண்டாம் யூனிஸ். ரூல் ரூல்தான். முப்பத்தஞ்சு வயசு தாண்டினா ஓட்டு கிடையாது. இளைஞர் முன்னணி மா, முதியோர் முன்னணி இல்ல. இப்ப நம்மள்ல யாரு முப்பத்தஞ்சுக்குள்ள இருக்கா, சொல்லு பாப்போம்?" என்றார்.

அப்படியானால் நீக்கியது யார் நினைத்தாலும் மாறாதா என்று கேட்டேன்.

"நீக்க ஆள் இருந்தாங்க. சேர்க்க ஆள் இல்ல. நான் என்ன பண்ணட்டும்?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. போனை வைத்துவிட்டேன். அப்புறம் வங்கியில் வேலை பார்த்த நம் ராகவேந்திரா ஒரு யோசனை சொன்னார். "பிற்காலத்தில் இந்த முடிவு மறக்கப்பட்டது" என்று புத்தகத்தின் அடிக்குறிப்பில் ஒரு வரி போட்டுவிடலாமாம். உங்களுக்குச் சம்மதமா?

மைனிக்கு உடம்பு எப்படி? போனில் குரல் சோர்ந்து கேட்டது.

அன்புத் தங்கச்சி,
யூனிஸ்


குன்னூர்
6 மார்ச் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

மைனிக்கு வயிற்றில் கொஞ்சம் வலி. மருந்து சாப்பிடுகிறாள்.

அடிக்குறிப்பு வேண்டாம். நான் எதையும் மறக்கவில்லை, அவர்களும் மறந்திருக்க மாட்டார்கள். மன்னிப்பும் வேண்டாம். மன்னித்தோம் என்றால் தப்புச் செய்ததாக ஆகிவிடும். நீக்கியது தவறு என்று தீர்மானம் வர வேண்டும். எங்கள் கல்யாணம் துரோகம் அல்ல என்று வர வேண்டும். அதில் ஆனியின் பெயரும் இருக்க வேண்டும், என் பெயர் மட்டும் போதாது.

வயதைக் காட்டி ஏமாற்றுகிறான் புருஷோத்தமன். ஒரு வழி வேண்டும் என்றால் அவனுக்குக் கிடைக்கும். அந்த மூளையை எனக்குத் தெரியும். தயவுசெய்து சீக்கிரம் பார்.

தனசிங்


குன்னூர்
19 மார்ச் 2024

அன்பு யூனிஸுக்கு,

இந்த நாள்வரை நம்மைக் கைவிடாத ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நீயும் ஜோசியாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். மாவு மில்லுக்குப் போகும்போது பக்கத்து வீட்டு சுப்ரியாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்வேன். நீ பதில் போடாதே, தபாலைப் பிரிப்பது அவர்தான். போனும் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

வயிற்றில் கட்டி. கோயம்புத்தூர் டாக்டர் பார்த்துவிட்டு, இந்த வயதில் கத்தி வைக்க வேண்டாம் என்றார். மழைக்காலம் வரை இருந்தால் பெரிது. உன் அண்ணன் இதை உனக்கு எழுத மாட்டார்.

அவர் அந்தத் தீர்மானத்தைக் கேட்பது அவருக்காக இல்லை, எனக்காக. ஜனவரியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வாய்விட்டு ஒன்று சொல்லிவிட்டேன். "நான் அன்றைக்கு சர்ச்சுதான் வேண்டும் என்று நிற்காமல் இருந்திருந்தால் நீங்கள் உங்கள் கூட்டாளிகளோடு இருந்திருப்பீர்கள். உங்கள் வாழ்க்கையை நான்தான் பிடுங்கிக்கொண்டேன்" என்றேன். யூனிஸ், கல்யாணமான நாளிலிருந்து இது எனக்கு உள்ளே இருந்தது. பஜாரில் சிவப்புக் கொடி ஊர்வலம் போனால் உன் அண்ணன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். ஒவ்வொரு தடவையும் என்னால்தான் என்று நினைப்பேன்.

அவர் இல்லை, இல்லை என்றுதான் சொல்கிறார். அவர் சொல்லி என்ன? அவர் என் புருஷன், அப்படித்தான் சொல்வார். அந்த ஆட்கள் சொல்ல வேண்டும். நான் செய்தது தப்பில்லை என்று அவர்கள் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன். கர்த்தர் என்னை மன்னிப்பார் என்று தெரியும். புருஷோத்தமன்தான் சந்தேகம்.

உன்னை நினைத்தபடி,
ஆனி


குகட்பள்ளி
12 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். மைனிக்கு வலி எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுதுங்கள். நான் வந்து பத்து நாள் கூட இருந்து சமைத்துப் போடட்டுமா? இந்த மாதக் கடைசியில் என் மூட்டு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு வருகிறேன்.

போனில் பேசினால் வேலைக்காகாது என்று நேரிலேயே போனேன். புருஷோத்தமன் இப்போது ராமச்சந்திராபுரத்தில், கம்பெனி பஸ்கள் திரும்பும் முனையில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் மேஜைமேல் கிடந்த ஒரு கட்டை அவசரமாக நியூஸ்பேப்பரைப் போட்டு மூடினார். மூடினால் எனக்குத் தெரியாதா? மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள். பேத்தி ரக்ஷிதாவுக்கு மே மாதம் கோயில் மண்டபத்தில் முகூர்த்தம். "பெரியோர்கள் நிச்சயித்தபடி" என்று தொடங்கி தாத்தா பெயர் முதலில்.

என்னென்னமோ கேட்க நாக்குத் துறுதுறுத்தது. கேட்கவில்லை. "பேத்திக்கு என் வாழ்த்தைச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். மனுஷன் என்னோடு பஸ் ஸ்டாப் வரை வந்தார். பஸ் வந்தபோதுதான், "தனசிங் சம்சாரம் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்காங்க என்றேன்.

தளர்ந்துவிடாதீர்கள். மைனியை நான் கட்டிப்பிடித்ததாகச் சொல்லுங்கள்.

யூனிஸ்


குன்னூர்
29 மே 2024

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உன் மூட்டு ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாக ஜோசியா மெசேஜ் போட்டிருந்தான். மாடிப்படி ஏறாதே. இங்கே வரவும் வேண்டாம், மழை பிடித்துவிட்டது.

மைனிக்கு இப்போது வலி இல்லை.

தீர்மானத்துக்கு இனி அவசரமில்லை. ஆனால் கைவிட்டுவிடாதே. அவர்கள் நன்றாக யோசித்து, மனதில் பட்டபடி கை தூக்கட்டும். யாரையும் கெஞ்சாதே. எனக்காக இரக்கப்பட்டு யாரும் ஓட்டுப் போட வேண்டாம்.

தனசிங்


குகட்பள்ளி
19 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கும் ஆனி மைனிக்கும்,

இந்தக் கடிதம் இருவருக்கும். மைனிக்கு வலி இல்லை என்று படித்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. மைனியின் போன் மட்டும் சுவிட்ச் ஆஃப் என்றே வருகிறது. சார்ஜ் போடச் சொல்லுங்கள். அண்ணன், இதை மைனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள்.

போன வாரம் புருஷோத்தமனே கூப்பிட்டார். "யூனிஸ், அந்த ஜூன் மாசக் கூட்டம் முடியவே இல்ல மா. தனசிங் படி இறங்கிப் போனான், கரண்டும் போச்சு. கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறதுன்னு நான்தான் சொன்னேன். அதுக்குள்ள கட்சி நம்மளச் சேர்த்துக்கிச்சு. திரும்ப நாம கூடவே இல்ல. ஒத்திவெச்ச கூட்டம் தொடர்ந்தா, அன்னிக்கு யாரு மெம்பரோ அவங்கதான் மெம்பர். அன்னிக்கு நமக்கெல்லாம் முப்பத்தஞ்சுக்குள்ளதான் வயசு. ஒத்திவெச்ச கூட்டத்துக்குக் கோரம், அதான் இத்தனை பேர் வரணும்கிற கணக்கும் தேவையில்ல" என்றார். அவருக்கு வழி கிடைக்கும் என்று நீங்கள் எழுதியது சரிதான்.

என்னால் நடக்க முடியாததால் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு ஹாலிலேயே கூடினோம். நாராயணஸ்வாமி தலைமை. "1978 ஜூன் 18 அன்று ஒத்திவைக்கப்பட்ட பொதுக்குழு தொடர்கிறது" என்று அவர் சொன்னபோது ஜோசியா சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டான். எங்களில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ராகவேந்திரா எதிர்த்துப் பேசினார். "நானும் அந்த விதிப்படிதான் கல்யாணம் பண்ணேன். ரெண்டு மாலை, டீ, பிஸ்கட். எங்கம்மா சாகற வரைக்கும் என் வீட்டுப் படி ஏறல. நான் பொறுத்துக்கிட்டேன். இப்ப வந்து அந்த விதியை மீறினது தப்பில்லன்னா, நான் கைக்கு, எதுக்குப் பொறுத்துக்கிட்டேன்? யாராவது சொல்லுங்க" என்று கேட்டார். எனக்கே அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றிவிட்டது.

அப்புறம் புருஷோத்தமன் எழுந்தார். "போன மாசம் ரக்ஷிதா கல்யாணத்துல நான் மணையில உட்கார்ந்தேன். ஐயர் சொன்னதெல்லாம் செஞ்சேன். எனக்கு இன்னிக்கும் அதுல நம்பிக்கை கிடையாது. அந்தப் பொண்ணு 'தாத்தா, ப்ளீஸ்'னா, உட்கார்ந்தேன். என்னை யாரும் நீக்கல. தனசிங் செஞ்சதும் இதுதானே? அவன் பொண்டாட்டி கேட்டா, போய் நின்னான். அதுக்கு நான் அவனை வெளிய அனுப்பினேன். ராகவேந்திரா, உன் கஷ்டம் பெருசுதான் பா. ஆனா அந்தம்மா உனக்கு ஒண்ணும் பண்ணல" என்றார். பிறகு தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். அலமு வழிமொழிந்தாள்.

"தனசிங், ஆனி இருவரும் சர்ச்சில் செய்துகொண்ட திருமணம் முன்னணிக்குச் செய்த துரோகம் அல்ல. ஆனி எந்தத் தவறும் செய்யவில்லை. தனசிங்கை நீக்கியது தொடக்கத்திலிருந்தே தவறு. அந்த நீக்கம் ரத்து செய்யப்படுகிறது."

ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஒன்று. தலைவர் ஓட்டுப் போடவில்லை. தீர்மானம் நிறைவேறியது. மைனி, கேட்டீர்களா? நிறைவேறியது.

சந்தோஷத்துடன்,
யூனிஸ்


குன்னூர்
1 ஜூலை 2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஆனி மே மாதம் இருபத்திரண்டாம் தேதி விடியற்காலையில் காலமானாள். இங்கே சர்ச் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். பக்கத்து வீட்டுக்காரர்களும் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களும் வந்தார்கள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவளுடைய அக்கா மகளிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன். மே கடைசியில் உனக்கு எழுதியபோது அவள் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தக் கடிதத்தில் பொய் எதுவும் எழுதவில்லை.

காரணம் சொல்கிறேன். சொல்லியிருந்தால் நீ அழுதுகொண்டே அவர்களிடம் போயிருப்பாய். அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாக் கையையும் தூக்கியிருப்பார்கள். அது இரங்கல் தீர்மானம். செத்துப்போனவளைத் தப்புச் செய்தவள் என்று யார் சொல்வார்கள்? அவள் உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்து அவர்கள் முடிவு செய்ய வேண்டும் என்று விரும்பினேன். அவளுக்கு நியாயம்தான் வேண்டியிருந்தது.

ராகவேந்திரா எதிர்த்துக் கை தூக்கியதைப் படித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த ஒரு கை இருப்பதால் மற்ற நான்கும் நிஜம். அவருக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த விதியை எழுதியவன் நான்.

நீ சொன்னபடி ஆனியின் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். எவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "ஆனி எந்தத் தவறும் செய்யவில்லை" என்ற இடத்தை மறுபடியும் மறுபடியும் படித்தேன்.

முதல் அத்தியாயத்தை எழுதித் தருகிறேன்.

தனசிங்


குகட்பள்ளி
9 ஜூலை 2024

அண்ணன்,

எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தத் தடவை கேட்க மாட்டேன்.

கண்ணாடி எட்டாத இடத்தில் இருந்ததால் கடிதத்தை ஜோசியாதான் படித்துக் காட்டினான். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். "காலமானாள்" என்பதை ஒவ்வொரு எழுத்தாக அவன் வாயிலிருந்து கேட்டேன். மைனி போய் ஒன்றரை மாதம். நான் இங்கே அவர்களுக்கு சந்தோஷச் செய்தி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். போனை சார்ஜ் போடச் சொல்லியிருக்கிறேன்.

அழுதுகொண்டே அவர்களிடம் போயிருப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மைனி எனக்கு மார்ச்சிலேயே எழுதிவிட்டார்கள். கட்டி, டாக்டர் சொன்னது, மழைக்காலம் வரைதான் என்பது, தீர்மானம் யாருக்காக என்பது, எல்லாம் எனக்குத் தெரியும். நான் ஒருத்தரிடமும் வாயைத் திறக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் புருஷோத்தமன் மைனியைக் கேட்டபோது தொண்டைவரை வந்தது. விழுங்கினேன். ராகவேந்திரா பேசி முடித்தபோது, அவங்க செத்துக்கிட்டிருக்காங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கையும் இறங்கியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரக்கத்தில் விழுகிற ஓட்டு மைனிக்கு வேண்டாம் என்று எனக்கும் தெரியும். நானும் அந்த மாடி அறையில் வளர்ந்தவள்தான்.

நீங்கள் சொல்லியிருந்தாலும் அதே ஐந்து கைதான் உயர்ந்திருக்கும், நான்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். மைனி போனது என் ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருக்கும். வாக்கரைப் பிடித்துக்கொண்டாவது வந்திருப்பேன். ஒரு பிடி மண் போட்டிருப்பேன். என்னை நம்பியிருக்கலாம் அண்ணன். உங்களுக்காக அன்றைக்குக் கை தூக்கியவள் நான்.

நேற்று எல்லாருக்கும் சொன்னேன். புருஷோத்தமன் போனை வைத்துவிட்டார். ராகவேந்திரா சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முதலிலேயே தெரிந்திருந்தால் எதிர்த்திருக்க மாட்டேன் என்று அழுதார். அதனால்தான் சொல்லவில்லை என்றேன்.

ஜோசியா டிக்கெட் எடுத்துவிட்டான். சனிக்கிழமை காலையில் குன்னூர் வந்து சேருவோம். நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். முதலில் மைனியிடம் போகிறேன். வீட்டுக்கு அப்புறம் வருகிறேன்.

தங்கச்சி,
யூனிஸ்